கொள்ளிவாய்ப் பிசாசுக்கு என்ன பசி?

ராட்சசன் என்றதும் கடலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெருக்கூத்துதான் நினைவுக்கு வரும். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலில் சலங்கைச் சத்தத்தை மட்டும் அனுப்பி, அப்புறம் கிரீடமும் புஜக்கட்டையும் முறுக்கு மீசையுமாக வெளியே வரும் வேஷம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதை விளையாட்டுக்காக 1977-இல் அமெரிக்காவில் வெளியான, ஜந்துக்களைப் பட்டியல் போடும் ‘மான்ஸ்டர் மானுவல்’ புத்தகத்தைத் திறந்தால் அதே ராட்சசனுக்குப் புலித்தலை. உடம்பில் நீள அங்கி, கையில் புகைக்குழாய். ஜமீன்தார் சுட்ட புலி திரும்பி வந்து அவருடைய சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டது போல இருப்பார். பிந்தைய பதிப்புகளில் உள்ளங்கைகூடப் புறங்கைப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியானால் அவர் சோற்றைப் பிசைவது எப்படி என்று எங்கள் வீட்டில் ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது.

நம்முடையதை எடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று இதற்குக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வந்தது பொறாமைதான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அந்த விளையாட்டை வெளியிட்டபோது, கைக்கு எது அகப்பட்டதோ அதையெல்லாம் உள்ளே போட்டார்கள். கிரேக்கப் புராணம், வேதாளக் கதை, தொலைக்காட்சி, எல்லாம். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு பை கைகாக்ஸுக்குக் கிடைத்தது. பழங்கால மிருகங்கள் என்று சொல்லி விற்ற அவற்றில் சில, பூமியில் எந்தக் காலத்திலும் நடமாடியிராத உருவங்கள். அந்தப் பொம்மைகளிலிருந்துதான் ஆந்தைத் தலைக் கரடியான ‘அவுல்பேர்’ வந்தது, மண்ணுக்குள் நீந்தும் ‘புலெட்’ வந்தது, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ வந்தது. இன்று வேதப் புத்தகம் போலப் பலர் புரட்டும் பட்டியலில் பாதி, யாரோ வீட்டு மேசையில் உட்கார்ந்து மனம்போனபடி செய்ததுதான். அப்படியானால் கடலூர் மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில் நாங்கள் செய்வதற்கு மட்டும் என்ன தடை?

ரஸ்ட் மான்ஸ்டரை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது. அது யாரையும் கொல்ல வருவதில்லை. அதற்கு வேண்டியது இரும்பு. முழுக் கவசம் போட்ட வீரன் தைரியமாக முன்னால் வருகிறான், உணர்கொம்பு ஒன்று தடவுகிறது, கவசம் பொடிப்பொடியாக உதிர்கிறது. கிழிசல் அங்கி போட்ட மந்திரவாதி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். பிளாஸ்டிக் பொம்மைக்கு ஒரு பசியைக் கொடுத்ததும் அது ஐம்பது வருடமாக நிலைத்துவிட்டது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒருவர் கதை சொல்கிறார், அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘நீங்கள் ஒரு பாலத்துக்கு வருகிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?’ என்று அவர் கேட்பார். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது பக்கப் பகடை உருளும். அவ்வளவுதான் விளையாட்டு, மிச்சமெல்லாம் கணக்கு. எங்கள் மேசையில் நால்வர்: துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் என் மச்சான், கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர், அவர் மனைவி. அந்த அம்மா பள்ளி ஆசிரியை, பண்ருட்டிக்காரர். கதை சொல்லும் வேலை எனக்கு. விதிகள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு.

சொந்தமாக மான்ஸ்டர் செய்ய ஆசைப்படுகிறவர் எல்லோரும் முதலில் எண்களில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை ஹிட் பாயிண்ட் (விழும் வரை தாங்கும் சேதம்), எவ்வளவு ஆர்மர் கிளாஸ் (அடி பட வேண்டுமானால் பகடை எட்ட வேண்டிய எண்), சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி) என்ன. கதை சொல்பவர்களுக்கான 2014 கையேட்டில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. சேலஞ்ச் ரேட்டிங் 1 என்றால் 71 முதல் 85 ஹிட் பாயிண்ட் என்கிறது. சரி என்று மான்ஸ்டர் மானுவலைப் பிரித்தால், அதே ரேட்டிங் 1-இல் பழுப்புக் கரடிக்கு 34, பெரிய ஓநாய்க்கு 37, பிணம் தின்னும் ‘கூல்’ ஜந்துக்கு வெறும் 22. ஒரே கம்பெனியின் இரண்டு புத்தகங்கள் இப்படி ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றனவே என்று தோன்றும். உண்மையில் அட்டவணை தற்காப்புக்கு ஒரு மதிப்பும் தாக்குதலுக்கு ஒரு மதிப்பும் தந்து இரண்டின் சராசரியை எடுக்கச் சொல்கிறது. கரடியின் 34 ஹிட் பாயிண்டுக்குத் தற்காப்பு மதிப்பு எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அது ஒரு சுற்றில் கடித்தும் பிறாண்டியும் சராசரியாக 19 சேதம் செய்யும், அது 2-ஆம் ரேட்டிங் அடி. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் ஏறத்தாழ 1. கணக்கு புரிந்துவிட்டால் அட்டவணையே தேவைப்படாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு ஜந்துவின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, தோலையும் குணத்தையும் மாற்றிவிடலாம். நான் பெரும்பாலும் ‘ஓகர்’ எனும் முரட்டுப் பூதத்தைத்தான் எடுப்பேன்: ரேட்டிங் 2, ஆர்மர் கிளாஸ் 11, ஹிட் பாயிண்ட் 59, ஒரு தடியடிக்குச் சராசரியாக 13. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், தமிழில் எழுதி விற்கவும் செய்யலாம்.

எண்களைக் கடன் வாங்கலாம். கடன் வாங்க முடியாதது எது என்று எனக்குக் காட்டியது அக்கா மகள். கெடிலத்துப் பாலம் போன்ற ஒரு பாலத்துக்கு அடியிலிருந்து பெரிய ஜந்து ஒன்று பாய்ந்து வருகிறது. மச்சான் பகடையைக் கையில் எடுத்துவிட்டார். அவள் கேட்டாள்:

“மாமா, அது எதுக்கு நம்மள அடிக்குது? நாம அதுக்கு என்ன பண்ணோம்?”

“அது மான்ஸ்டர்டீ. அடிக்கும்.” இது மச்சான்.

“பசியா இருந்தா மீன் போடலாம்ல? குட்டி போட்டிருந்தா சுத்திப் போயிடலாம்ல? என்னான்னு தெரிஞ்சாதான நான் எதையாவது செய்ய முடியும்.”

அவள் கேட்டது கருணையால் இல்லை. விளையாட்டில் அவளுக்கு ஒரு பிடி வேண்டும். மான்ஸ்டருக்கு ஏதோ வேண்டும் என்றால் பேரம் பேசலாம், ஏமாற்றலாம், பொறி வைக்கலாம், வேறு ஆளைக் காட்டிவிட்டு ஓடலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் பகடையை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 59-ஐப் பூஜ்யமாக்கும் வரை கழித்தல் கணக்கு.

இந்தப் பாடம் நம் பழைய கவிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஜெயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’யில் பேய்களை வர்ணிக்கும் பகுதியைப் படித்தால், கை கால் பனங்காடு போல நீண்டிருக்கும் என்று உருவத்தைச் சொல்வதோடு அவர் நிற்பதில்லை. அவற்றின் பசியைத்தான் விதவிதமாகச் சொல்கிறார். ஒட்டிய வயிறு, உலர்ந்த உடம்பு, காளியிடம் போய்ப் பசி தாங்கவில்லை என்று முறையீடு. கலிங்கப் போர் முடிந்ததும் அவை இறங்கும் வேலை சமையல். போர்க்களத்தில் கிடப்பதையெல்லாம் வைத்துக் கூழ் காய்ச்சிப் பரிமாறிக்கொள்கின்றன. பயங்கரமும் சிரிப்பும் ஒரே பானையில் கொதிக்கின்றன. கதை சொல்ல உட்காரும் யாருக்கும் அதைவிட நல்ல பயிற்சி நூல் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது கொள்ளிவாய்ப் பிசாசுக்கு வருகிறேன். ஏரிக்கரையிலும் சதுப்பிலும் ராத்திரியில் வாயைத் திறந்தால் நெருப்பு தெரியும், மூடினால் இருட்டாகிவிடும் என்று பாட்டிகள் சொன்ன பேய். சேற்றில் இலைதழை அழுகி வரும் வாயு எரிவதுதான் அது என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டையும் நம்பி வளர்ந்தோம். மருந்துக்கடை நண்பர், ‘இது புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கே’ என்று ‘வில்-ஓ-விஸ்ப்’ பக்கத்தைக் காட்டினார். ரேட்டிங் 2, ஆர்மர் கிளாஸ் 19, ஹிட் பாயிண்ட் 22, வழிப்போக்கர்களைச் சதுப்புக்குள் இழுத்துச் சாகடிக்கும் ஒளிப்பந்து. எண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அது வெறும் வெளிச்சம். நம்முடையதற்கு வாய் இருக்கிறது. வாய் இருந்தால், அதில் ஏன் நெருப்பு என்று கேட்கத்தானே வேண்டும்?

என் பதில் நெய்வேலியிலிருந்து வந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. தண்ணீர் தேடிப் போனவர்களுக்கு நெருப்பு கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். இன்னொரு விஷயம் இதைவிட ருசியானது. அந்தக் கரிப் படுகைக்கு அடியில், அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. சுரங்கத்தில் ராப்பகலாக மோட்டார் வைத்து அதை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். மேலே மண், நடுவில் கரி, அடியில் எகிறக் காத்திருக்கும் தண்ணீர். எவ்வளவு யோசித்தாலும் இதைவிட நல்ல பாதாளத்தை என்னால் கற்பனை செய்ய முடியாது.

ஆக, எங்கள் கொள்ளிவாய் ஒரு கிணறு வெட்டும் கூலியாள். பஞ்ச காலத்தில், தண்ணீர் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கரியையும் தாண்டித் தோண்டினான். கரி பற்றிக்கொண்டது. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே செத்தான். அவனுக்கு வேண்டியது தாகம் தீர வேண்டும், அவ்வளவுதான். வாயில் நெருப்பு இருப்பதால் எந்தத் தண்ணீரைக் கொண்டுபோனாலும் உதட்டில் படுமுன் ஆவியாகிவிடும். அவன் குரலைக் கேட்கிறவர்களுக்கு நாக்கு வறண்டு, நின்ற இடத்தில் வெறுங்கையால் தோண்டத் தொடங்குவார்கள். விரல் நகம் போகும் வரை. அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, ஆள் போதவில்லை.

பசி கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. தடயம் வேண்டுமா? காடெல்லாம் கையால் தோண்டிய குழிகள், வேர் கருகி மேலே பச்சையாக நிற்கும் மரம், வெறுங்காலில் நடந்தால் சுடும் மண். தடயத்தை ஒன்றோடு நிறுத்தக் கூடாது. குறைந்தது மூன்று வைக்க வேண்டும். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டு எதிர்த் திசையில் போவார்கள், மூன்றாவதுதான் வேலை செய்யும். நால்வர் சேர்ந்து ஒற்றை மான்ஸ்டரை மொத்தி மூன்றே சுற்றில் முடித்துவிடுவது இந்த விளையாட்டின் பழைய வியாதி. ஒரு சுற்றில் அவர்களுக்கு நாலு அடி, அதற்கு ஒன்று. இங்கே அதற்கும் வழி கிடைத்தது. தோண்டிக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் குறுக்கே இருக்கிறார்கள். அவர்களை வெட்டவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

எண்களுக்கு ஓகர்தான். தடியை எடுத்துவிட்டு வாய் நெருப்பைக் கொடுத்தேன்: இரண்டு ஆறு பக்கப் பகடை, சராசரி 7 சேதம், விலகிக்கொள்ள 12 எடுத்தால் பாதி. சுறுசுறுப்புக்காக +2 கூட்டிக்கொள்பவருக்கு இருபது பக்கப் பகடையில் 10-ஓ அதற்கு மேலோ விழுந்தால் போதும், அதாவது 55 சதவீதம். 7 என்பது கம்மிதான், ஆனால் ஒரே ஊதலில் மூன்று பேர் மேல் படும்.

இங்கேதான் தாயக்கட்டை உள்ளே வந்தது. ஐந்தாம் பதிப்பில் பெரிய தாக்குதல்கள் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்காது. பெரும்பாலும் ஆறு பக்கப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் மறுபடி கிடைக்கும், மூன்றில் ஒரு வாய்ப்பு. பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளைத் தாயக்கட்டை வீட்டில் சும்மா கிடந்தது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் பதினாறு விதமாக விழலாம். தாயம் இரண்டு விதம், ஐந்து இரண்டு விதம், ஆறு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒன்று. மறு ஆட்டம் தரும் இந்த நாலையும் கூட்டினால் பதினாறில் ஆறு, 37.5 சதவீதம். மூன்றில் ஒன்று 33.3. கிட்டத்தட்ட ஒன்றேதான்! அமெரிக்காவில் யாரோ கணக்குப் போட்டு வைத்த இடத்துக்கு நம் திண்ணை ஆட்டம் எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்போது கொள்ளிவாயின் முறை வந்தால் நான் தாயக்கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பேன். அந்தச் சத்தத்துக்கே மச்சான் பின்னால் நகர்ந்து உட்காருவார். பிளாஸ்டிக் பகடைக்கு அந்த மரியாதை கிடையாது.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சுற்று சண்டை போட்டார்கள், தோற்கிற மாதிரி இருந்தது. அக்கா மகளின் மந்திரவாதி நடுவில் புகுந்து, “நீ எங்க தோண்டச் சொல்ற? காட்டு” என்று கொள்ளிவாயிடமே கேட்டாள். மச்சானின் வீரன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். ஊர்க்காரர்களோடு சேர்ந்து எல்லோரும் தோண்டினார்கள். கரிப் படுகை உடைந்து தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டது. எவ்வளவு ஆவியானாலும் தீராத தண்ணீர், அதனால் ஒரு வாய் உள்ளே போனது. ரேட்டிங் 2 மான்ஸ்டரை வென்றால் 450 அனுபவப் புள்ளி. குத்திக் கொன்றால்தான் தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, முழுசாகக் கொடுத்தேன்.

பலவீனம் விஷயத்திலும் ஊரைத்தான் கேட்க வேண்டும். வெள்ளிக் குண்டு, பூண்டு மாலை எல்லாம் வேறு ஊர்ச் சரக்கு. முந்திரிக் காட்டில் ஒரு ஜந்து வைத்திருந்தேன், அதன் மேல் பட்டால் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டது போலத் தோல் பொத்துப்போகும். மூன்று பேர் வாளால் போராடிக்கொண்டிருந்தபோது பண்ருட்டி ஆசிரியை அமைதியாக, “பக்கத்துல அடுப்பு இருக்கா? சாம்பல் எடுத்துக் கையில பூசிக்கிறேன்” என்றார். கொட்டை உடைக்கிறவர்கள் செய்வதுதான் அது. அவருடைய கேரக்டர் ஷீட்டில் அப்படி ஒரு திறமை எழுதியிருக்கவில்லை. அதனால் என்ன? பகடையே போட வேண்டாம், சேதம் கிடையாது என்றேன்.

ஊரிலிருந்து எடுக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றில்லை. முனீஸ்வரனும் அய்யனாரும் எங்கள் மேசையில் மான்ஸ்டர் கிடையாது. நால்வரில் ஒருவருக்கு முனீஸ்வரன் குலதெய்வம். அவர் வருஷா வருஷம் பொங்கல் வைக்கும் சாமிக்கு நான் ஹிட் பாயிண்ட் எழுதுவது அசிங்கம். மோகினிக் கதைகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அநியாயமாகச் செத்த பெண்ணைப் பேயாக்கி, அவளை மறுபடி நாலு பேர் சேர்ந்து கொல்வதில் என்ன சாகசம்? அப்படி ஒரு கதை வந்தால் அவளைக் கொன்றவனைத் தேடுவதாகத்தான் வரும். திருப்பாதிரிப்புலியூரில் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து கரையேறிய கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதையை நான் தொட மாட்டேன். ஆனால் மூழ்க வேண்டியது மிதக்கிறது என்ற விசித்திரம் மட்டும் மனசில் தங்கிவிடும், வேறு பெயரில், வேறு கடலில் எங்காவது வெளியே வரும். ஒன்றை மட்டும் எந்தப் பெயரிலும் வைப்பதில்லை: கடல் எழுந்து ஊருக்குள் வரும் காட்சி. தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறோம். 2004 இங்கே யாருக்கும் கற்பனை இல்லை.

மான்ஸ்டரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன், சாகசத்தைப் பற்றிக் கொஞ்சம். டன்ஜன் என்றால் குகை, சுரங்கப்பாதை, கல் படிக்கட்டு. நம் ஊர் சப்பட்டை. குகைக்கு எங்கே போவது என்று முதலில் திணறும். பிச்சாவரம் போய் வந்தால் தீர்ந்துவிடும். சுரபுன்னைக் காட்டுக்குள் கால்வாய்கள்தான் நடைபாதை, வளைந்து இறங்கும் வேர்கள்தான் சுவர். ஓதம் ஏறி இறங்குவதால் வரைபடமே மாறும். நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் ஆழமில்லாத கால்வாயில் படகு தரைதட்ட அது போதும். வந்த வழி ஆறு மணி நேரத்தில் வழியாக இருக்காது. எந்தக் கல் டன்ஜனும் இதைச் செய்வதில்லை.

இப்போது நடந்துகொண்டிருக்கும் சாகசத்தின் பெயர் ‘எல்லைக்குண்டு’. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. பின்னால் புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றதும், 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்ததும் அதைத்தான். கோட்டையோடு, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேரம். சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. ஒருவன் விற்கிறான், ஒருவன் வாங்குகிறான், வானத்திலிருந்து இரும்பு வந்து விழுகிறது, காலையில் உங்கள் ஊர் வேறு ஆளுடையது. இதற்கு மேல் பூதம் எதற்கு?

இருந்தாலும் ஒன்று வைத்தேன். ஊர்ப் பெயரைச் சற்று மாற்றி, விழுந்த குண்டுகளில் ஒன்று நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அதன் பசி தூரம். அமாவாசைக்கு அமாவாசை இன்னும் கொஞ்சம் உருளும், நின்ற இடம் வரை கம்பெனி கொடி வந்துவிடும். வாளால் அடித்துப் பிரயோஜனமில்லை. எண்களைத் தானாக நடக்கும் கவசத்திடமிருந்து எடுத்தேன், ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயிண்ட் 33, உடைத்தாலும் விடிவதற்குள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு விதி: இந்த இடம் இன்னாருடையது என்று அந்த நிலத்தில் நின்று இரண்டு பேர் சாட்சி சொன்னால் அதைத் தாண்டி உருளாது. விளையாடுகிறவர்கள் வீடு வீடாகப் போய் ஓலை தேடுகிறார்கள், சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகளை ஒரே வயலில் நிறுத்தப் பார்க்கிறார்கள். வயலுக்கும் தோப்புக்கும் ஆள் கிடைத்துவிட்டது. புறம்போக்கில்தான் மாட்டிக்கொண்டார்கள். குளத்தையும் மேய்ச்சல் தரையையும் சுடுகாட்டையும் யார் என்னுடையது என்று சொல்வது? என்னிடம் விடை கிடையாது, நான் வைத்திருப்பது ஒரே ஒரு தாள். அதில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஏழெட்டு வரி, ஓரத்தில் ஆறு கட்டம். அமாவாசை வந்தால் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குவேன். ஆறும் கறுத்தால் ஊர் போச்சு. விடையை எழுதி வைத்துக்கொண்டு போனால் அவர்களை அதை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்போம், அது யாருக்கும் சாகசமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வேறு ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். “கோட்டை கடலோரம்தான? கிழக்க சுட்ட குண்டு எங்க விழுந்துச்சு?” கடலில்தான் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் கடலிலும் எல்லை நகருமா, அங்கே யார் போய் சாட்சி சொல்வது என்று ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் அவர் தன் வீரனை ஓரம் கட்டிவிட்டுப் புது ஆள் ஒருவனை எழுதிக்கொண்டார், ஒரு மீனவன். வலை இழுத்தபோது குண்டு அகப்பட்டது என்று அவரே சொல்லிவிட்டார், மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஊரைக் காப்பாற்றும் யோசனை எதுவும் அவனுக்கு இப்போதைக்கு இல்லை. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறான். அந்த உலகத்தில் பழைய இரும்பு என்ன விலை என்று அடுத்த ஞாயிற்றுக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.